கிழக்கு மூலைத் தண்ணீர்

மக்னீசியம் நெருப்பில் எரியும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரில் அரித்துப்போகும் என்பது அந்த அணு உலையின் லேபில் வேலை பார்த்தவளுக்கு நன்றாகவே தெரியும். அங்கே யுரேனியக் கம்பிகளுக்கு மக்னீசியக் கலவையில்தான் உறை. உலையில் வெந்து முடிந்த கம்பிகளை உறையோடு குளத்தில் இறக்கி ஆறவைப்பார்கள். குளத்தில் உப்பு ஏறினால் உறை பொத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் விஷமெல்லாம் தண்ணீரில் கலந்துவிடும்.

வாரா வாரம் அந்தத் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. குளத்துக்குப் பொறுப்பு அவளுடைய சொந்த அண்ணன். வேலை வாங்கிக்கொடுத்தவனும் அவன்தான். மாதம் ஒருமுறையாவது அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

தண்ணீர் ஓடாமல் தேங்கும் கிழக்கு மூலையில் உப்பு ஏறியிருந்தது. பதறிப்போய் அண்ணனிடம் சொன்னாள்.

“மூலைல எதுக்கு எடுக்கற? புதுத் தண்ணி விழற குழாய்கிட்ட எடு.”

“அங்க எப்பவுமே நல்லாத்தானண்ணா இருக்கும்?”

“அதுக்குத்தான் சொல்றேன். இப்ப குளத்த நிறுத்தினா என் ப்ரமோஷன் போச்சு. உனக்கு நான் கெடுதல் சொல்வேனா?”

சொல்லமாட்டான் என்று நம்பினாள், அசடு. பதினோரு மாதம் குழாயடித் தண்ணீரைச் சோதித்து, ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டாள். மனசு கேட்காமல் மூலைத் தண்ணீரையும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, உப்பின் அளவையும் அண்ணன் வேண்டாம் என்றதையும் சீட்டில் எழுதி ஒட்டி, அலமாரியில் பூட்டிவைத்தாள்.

உறைகள் பொத்துக்கொண்டன. குளம் கலங்கி, அடியில் கிடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. விசாரணை வைத்தார்கள்.

அன்று காலை அலமாரியைத் திறந்தாள். நாற்பத்தேழு பாட்டில். இவை வெளியே வந்தால் அண்ணன் வேலை போய்விடும், அண்ணியும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாகக் கழிவுத் தொட்டியில் கொட்டினாள். சீட்டுகளைச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

அதிகாரி முதலில் அண்ணனைத்தான் கேட்டார். “குழாய்கிட்ட எடுக்கச் சொன்னது யாரு?”

அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. “எனக்கு எப்படி சார் தெரியும்? தண்ணி எடுக்கறது அந்தம்மா வேலை.”

கூடப் பிறந்தவள் ஒரே பேச்சில் ‘அந்தம்மா’ ஆகிப்போனாள்.

“அவர்தான் சார் சொன்னாரு” என்றாள்.

“அதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?”

“காலைல வரைக்கும் இருந்துச்சு சார்.”