முழு வருகைச் சான்றிதழ்

வெர்னா ஸ்டம்பரைப் பத்து நாள் சிறையில் தள்ளியவர் பள்ளித் தலைமையாசிரியர் கோம்ப்ஸ். அவள் மகள் கேசிக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. அந்தக் குளிர்காலத்தில் இருபத்திரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பிள்ளை டாக்டர் சீட்டு போன்ற தக்க காரணமில்லாமல் வராவிட்டால் பெற்றவர் கோர்ட் படியேற வேண்டும். டாக்டர் இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு இரைப்புக்கும் ஓடிப்போய்ச் சீட்டு வாங்கிவர வெர்னாவால் முடியவில்லை.

கோம்ப்ஸ் வழக்குப் போடுமுன் அவர் அறைக்குப் போய்க் கெஞ்சினாள்.

“சார், புள்ள மூச்சுக்குத் தவிக்குது. எப்படி பஸ் ஏத்தி அனுப்புவேன்?”

“எல்லாத் தாயும் இதத்தான் சொல்றாங்க. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. என் பையனா இருந்தாலும் இதேதான்.”

சிறையிலிருந்து வந்தபோது முதியோர் இல்லத்துச் சமையல் வேலை போயிருந்தது. கேசி, அம்மா கழிவறைக்குப் போனாலும் கதவோரம் நின்றாள். வெர்னா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கியது. உள்ளூர் வாரப் பத்திரிகையில் வழக்கம்போல் வேட்டைப் படங்கள். அதில் கோம்ப்ஸின் பதிமூன்று வயது மகன், அதே பள்ளியில் படிக்கும் டேவன், செத்த மானின் கொம்பைப் பிடித்துச் சிரித்தான். கீழே: ‘செவ்வாய் காலை பத்து மணி.’ பள்ளி நாள். ஏப்ரலில் இன்னொரு படம். ஒரு புதன்கிழமை, காட்டு வான்கோழி, பையன் பக்கத்தில் அப்பாவே. இரண்டையும் வெட்டி வைத்துக்கொண்டாள்.

“விட்டுத் தொலைடி. அந்தாள்கிட்ட மோதிட்டு இந்த ஊர்ல இருக்க முடியுமா?” என்றாள் அக்கா ஓப்பல்.

“என்னை உள்ள தள்ளினப்ப, விட்டுத் தொலைன்னு அவர்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!”

மே மாதம் பரிசளிப்பு விழா. பள்ளியை மேற்பார்க்கும் கல்விக் குழுவினர் முன்வரிசையில் இருந்தார்கள். ஆண்டு முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாவது பெயர் டேவன் கோம்ப்ஸ்.

வெர்னா எழுந்தாள்.

“சார், ஒரு சந்தேகம். நவம்பர்ல அந்தச் செவ்வாய்க்கிழமை மானு பள்ளிக்கூடத்துக்குள்ள வந்துச்சா, இல்ல பள்ளிக்கூடம் காட்டுக்குப் போச்சா?”

பின்வரிசையில் ஒருவர் வெடித்துச் சிரித்தார். வெர்னா படங்களைக் குழுத் தலைவியின் கையில் கொடுத்தாள்.

“இதெல்லாம் பேச இதுவா இடம்?” என்றார் கோம்ப்ஸ்.

“எனக்கு நீங்க ஜெயில்லயே இடம் போட்டுக் குடுத்தீங்களே சார்.”

மேடையில் பையனின் காது சிவந்தது. அவன் கண் கலங்கியதையும் வெர்னா பார்த்தாள். பார்த்தும் உட்காரவில்லை.

குழு நடத்திய விசாரணையில், வருகைப் பதிவேட்டைத் திருத்தியது கோம்ப்ஸ்தான் என்று தெரிந்தது. வேலை போயிற்று. விசாரணை நடந்த நாளெல்லாம் வெர்னா அவர் கண்ணில் படும்படி முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஜூலையில் மளிகைக் கடை வாசலில் அவர் வழி மறித்தார்.

“திருப்திதானே? என் பையன் வீட்டை விட்டு வெளிய வரவே மாட்டேங்கிறான்.”

“அவன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. நெசமாவே பாவம்தான்.” வெர்னா உருளைக்கிழங்குப் பையை வண்டிக்குள் எறிந்தாள். “உங்க மேலதான் இன்னும் தீரல.”

அவர் நகரும்வரை காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பினாள். அவர் துள்ளி விலகினார்.