பெண் வீட்டார்

சித்திரை வெயிலில் வந்த இருவரும் அச்சகத்தின் வாசற்படியிலேயே நின்றார்கள். ஆணுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையில் கடலை மில்லின் எண்ணெய் வாசனை. கூட வந்த பெண்மேல் வெயில் படாதபடி சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, நான்காக மடித்த தாளை நீட்டினான்.

"வல்லத்துலர்ந்து வரோங்க. என் பேரு கன்னியப்பன். கல்யாணப் பத்திரிகை அடிக்கணும். நூறு போதும்."

கோதண்டராமன் வாங்கிப் படித்தான். எழுத்துப் பெட்டியின் முன்னால் அச்சுக் கோத்துக்கொண்டிருந்த அவன் தங்கை மீனம்பாள், அண்ணனின் கண்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டதைக் கவனித்தாள்.

"மறுமணமா?"

"பொண்ணுக்குங்க. எனக்கு இதான் மொத."

அவன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "தப்பா நெனைக்காதீங்க. இத நான் அடிக்கறதில்ல. திண்டிவனத்துல கேளுங்க, அடிச்சிக் குடுப்பாங்க."

அண்ணன் மறுப்பது மீனம்பாளுக்குப் புதிதல்ல. சாராயக் கடை நோட்டீசை அடிக்க மாட்டேன் என்றிருக்கிறான். தேர்தல் சமயத்தில், ஒரு சாதியைத் திட்டி எழுதிக் கொண்டுவந்ததைக் கிழித்துப் போட்டிருக்கிறான். அப்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும். இருபத்திரண்டு வயதில் மஞ்சள்காமாலைக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டு மாமியார் வீட்டு மூலையில் கிடந்தவளை, யார் சொல்லையும் கேட்காமல் அழைத்துவந்து தொழில் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். பன்னிரண்டு வருஷமாகிறது.

இதுவரை பேசாமலிருந்த பெண் வாயைத் திறந்தாள். "மொத கல்யாணத்துல என்னை யாரும் ஒரு வார்த்த கேக்கலைங்க. இது நானா சரின்னு சொன்னது. அதான், நாலு பேருக்குக் காயிதமா குடுக்கணும்னு ஆச."

கோதண்டராமன் குனிந்துகொண்டான். "எனக்குன்னு ஒரு நம்பிக்க இருக்குதும்மா. அத வுட்டுட்டு மிஷினத் தொட என்னால முடியாது."

அவர்கள் போய்விட்டார்கள். அண்ணன் மிஷினை ஓட்டத் தொடங்கினான். மீனம்பாளுக்குக் கை ஓடவில்லை. மாலையில் தெருவில் வரிசையாகப் போகும் சைக்கிள்களில் ஒன்று தன் வாசலில் நின்று ஸ்டாண்டு போடும் சத்தத்துக்காகத் தான் எத்தனை வருஷம் காது கொடுத்திருக்கிறோம் என்பது அவளுக்குத்தான் தெரியும். யாருடைய சைக்கிள் என்று அவள் நினைத்ததில்லை. நினைக்க ஒரு முகமும் இருந்ததில்லை.

"எனக்குன்னு ஒருத்தர் வந்து கேட்டிருந்தா, அவரையும் திண்டிவனத்துக்குத்தான் அனுப்பிச்சிருப்பியாண்ணா?"

மிஷின் நின்றது.

"வந்தாரு," என்றான். "எட்டு வருஷம் இருக்கும். நல்ல மனுஷன்தான். எனக்கு மனசு ஒப்பல. ஒன்கிட்ட சொல்லல."

யார் என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த, பாதி கோத்த எழுத்து வரியை அப்படியே பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

வழியில் எதிர்ப்பட்ட ஆண்களின் முகங்களை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள். உரக்கடைக்காரர், தபால் பிரிக்கிறவர், நடுத்தலை நரைத்த யாரோ ஒருவர். எட்டு வருஷத்துக்கு முன் இவர்களில் யார் அண்ணன் எதிரில் தயங்கி நின்றது? நின்றவருக்கு இப்போது எத்தனை பிள்ளைகள்? தன்னை எங்கே வைத்துப் பார்த்திருப்பார்?

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த அந்தப் பெண்ணிடம் போய்க் கையை நீட்டினாள். "காயிதத்தக் குடு. தப்பு இருந்தா திண்டிவனத்துல அப்படியே அடிச்சிடுவாங்க. ஒன் பேரு?"

"வள்ளியம்மாள்."

விரல் மையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு எழுத்துப் பிழைகளைப் பென்சிலால் திருத்தினாள். மாப்பிள்ளை பக்கம் ஒன்பது பெயர்கள் இருந்தன. பெண் வீட்டார் என்று எழுதியதற்குக் கீழே வெறும் தாள்.

"எங்க அண்ணனுங்க வர மாட்டேன்னுட்டாங்கக்கா," என்றாள் வள்ளியம்மாள்.

மீனம்பாள் தாளை ஜன்னல் கம்பியின்மேல் வைத்து, அந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள். பஸ் மெல்ல நகர்ந்தது. வள்ளியம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டினாள்.

"ஒறவு இன்னான்னு போடச் சொல்றது?"

கூடவே நாலடி நடந்தாள் மீனம்பாள். "அக்கான்னு போடு."

பஸ் வேகமெடுத்தது. காற்றில் படபடத்த தாளை வள்ளியம்மாள் இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த கன்னியப்பன் எட்டி ஜன்னல் கதவை இறக்கிவிட்டான்.