மந்திரிக்கு ஆகாதது

அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்குத் துண்டுக்குள் மாத்திரையைப் பொதிந்து அவள் நீட்டினாள். மந்திரி வாலை ஆட்டிக்கொண்டே வாங்கியது. கிழங்கை மட்டும் விழுங்கிவிட்டு, மாத்திரையைச் சோபாவின் இடது முன்காலடியில் துப்பியது. பிறகு தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் ஜன்னலைப் பார்த்தது.

“என்னங்க, உங்க மந்திரி மறுபடியும் ராஜினாமா குடுத்துட்டாரு.”

“ஏத்துக்காதே” என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.

அவள் சிரித்தபடி மாத்திரையைப் பொறுக்கி, நாயின் வாயைத் திறந்து உள்ளே தள்ளி, விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அதன் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு துணி துவைக்கும் இயந்திரம் இருந்த பின்னறைக்குப் போனாள். இயந்திரம் ஓடி முடித்து மணியடித்தது. அவள் வரவில்லை. மாரடைப்பு என்றார்கள். எல்லோரும் வந்து போன பிறகு, ஈரம் காய்ந்து மடிப்பு மடிப்பாக ஒட்டிக் கிடந்த விரிப்பை அவர்தான் வெளியே எடுத்தார்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருந்தார். நாயை வாங்கி வந்ததும் பெயர் வைத்ததும் அவர், பாடுபட்டது அவள். மந்திரிக்கு ஒவ்வாமை கொஞ்சநஞ்சமல்ல. காதுக்குள் சிவந்து நீர் வடியும். பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். முகம் வீங்கி ஒருமுறை மூச்சே நின்றுவிடப் பார்த்தது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த தீனியைத் தவிர வேறு எதுவும் வாயில் படக்கூடாது. கிழங்குக்கு மட்டும் அனுமதி. வெளியே போய்வந்தால் நான்கு பாதத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். “கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுக்குக்கூட நான் இவ்வளவு பண்ணலை” என்பாள்.

அவள் போன பிறகு அவர் பாதி நாள் துடைக்கவில்லை. மாத்திரையும் மறந்துபோயிற்று. ஆனால் மந்திரி சொறிவதை நிறுத்தியது. காது வெளுத்தது. முதுகில் சொட்டை விழுந்த இடத்தில் புது மயிர் முளைத்தது. பார்த்தவர்களெல்லாம், “அட, நாய் பளபளன்னு இருக்கே!” என்றார்கள். அதற்குச் சந்தோஷப்படுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

டாக்டரம்மா காதைப் புரட்டிப் பார்த்தாள். “நம்பவே முடியலை சார். வீட்ல என்ன மாத்தினீங்க? சோப்பா? தரை துடைக்கிற மருந்தா?”

“ஒண்ணும் மாத்தலையே.”

“ஏதாவது மாறியிருக்கும். அம்மாவைக் கேட்டுப் பாருங்க, அவங்களுக்குத்தான் எல்லாம் அத்துப்படி.”

அவர் நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். “அவதான் இல்லை, டாக்டர். தவறிட்டா.”

டாக்டரம்மா பிடித்த காதை விடாமல் அப்படியே நின்றாள். மந்திரிதான் தலையை உதறி விடுவித்துக்கொண்டது.

“மனுஷங்களே சேராம போகுமா, நாய்க்கு?” என்று அவர் கேட்டார்.

பூசி மெழுகிப் பேச டாக்டரம்மாவுக்கு வராது. “போகும் சார். நம்ம தோல்ல உதிர்றது சில நாய்க்கு ஆகாது. ஆனா அது அபூர்வம். அவங்க பொருள் ஏதாவதாத்தான் இருக்கும். எல்லாத்தையும் ஒதுக்கிட்டீங்கல்ல? ஒண்ணொண்ணா வெளியே எடுத்து வையுங்க. எதுக்கு அரிக்குதுன்னு தெரிஞ்சுடும்.”

அது அவர் தொழில்தான். நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, ஒரு கண்ணாடி வில்லையைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா?’ என்று ஆயுள் முழுக்கக் கேட்டவர். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றே வந்தவர்கள். ஒருவேளை அவள்தானா? அத்தனை நாள் மடியில் போட்டுத் தடவிய கைதானா?

மகள் பெட்டியில் கட்டிச் சாமான் அறைக்குள் வைத்துவிட்டுப் போனவற்றை அவர் திறந்தார். முதலில் முகப்பவுடர். ஒன்றும் ஆகவில்லை. கைக்குப் பூசும் களிம்பைத் தன் கையிலேயே பூசிக்கொண்டு நாயைத் தடவினார். கடைக்கு வந்தவர், “என்ன சார், வாசனை தூக்குது!” என்று கேலி செய்ததுதான் மிச்சம். உறை மாற்றிய தலையணை, செருப்பு, மகள் துவைத்து மடித்திருந்த வீட்டு உடை எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பின. மந்திரி நலமாகவே இருந்தது.

கடைசியாக, துவைக்காமல் வைத்திருந்த அவள் கம்பளிச் சால்வை. மந்திரி அதில் மூக்கைப் புதைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்தது. மறுநாள் காது சிவந்தது. அதற்கடுத்த நாள் பாதத்தை நக்கத் தொடங்கியது.

மகள் தொலைபேசியில் தீர்ப்பே சொல்லிவிட்டாள். “கம்பளிதான்ப்பா. தூக்கிப் போடுங்க. இல்லேன்னா கொதிக்கிற தண்ணில துவைச்சு வையுங்க.”

“கம்பளியா, அம்மாவான்னு தெரியலையேம்மா.”

“அப்பா! என்ன பேச்சு இது?”

“துவைச்சா அதுல என்ன மிஞ்சும்?”

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று பிறகுதான் உறைத்தது.

கடைத்தெருவுக்குப் போய் அதே கம்பளியில், அதே சாம்பல் நிறத்தில் ஒரு புதுச் சால்வை வாங்கி வந்தார். இதற்கும் அரித்தால் கம்பளி. அரிக்காவிட்டால்... உறையைப் பிரித்தார். பழையதை அலமாரியில் பூட்டிவிட்டு, புதியதை அதே இடத்தில் அதேபோல் விரித்தார்.

“வாடா, படு.”

மந்திரி வந்து முகர்ந்தது. அவரைப் பார்த்தது. நேரே அலமாரிக்குப் போய்க் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. தூக்கி வந்து புதுச் சால்வையில் போட்டார், எழுந்து போனது. அவர் தானே அதில் உட்கார்ந்து, “இங்க பாரு, எவ்வளவு மெத்துனு இருக்கு” என்று கெஞ்சினார். கதவடியில் இருந்தபடியே ஒருமுறை வாலைத் தரையில் தட்டியது, அவ்வளவுதான். நாள் போயிற்றே தவிர, அது அந்தச் சால்வையில் ஒரு காலைக்கூட வைக்கவில்லை. அலமாரிக் கதவடியில் மூக்குப் பட்ட ஈரம் மட்டும் காயவேயில்லை.

ஒரு சாயங்காலம் அவர் அலமாரியைத் திறந்து பழைய சால்வையை எடுத்துப் போட்டார். மந்திரி சுற்றிச் சுற்றிப் படுத்தது. படுத்த உடனே சொறிந்தது. சொறிந்துகொண்டே வாலையும் ஆட்டியது.

“என்னடா உன் கணக்கு?” என்றார். “உனக்கு ஆகாதுன்னு உனக்கே தெரியுமா, தெரியாதா?”

டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, பழைய மாத்திரையையே தொடரலாமா என்று கேட்டார். கண்டுபிடித்தாயிற்றா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். பொய் இல்லை. ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து நான்கு பாதத்தையும் துடைத்தார். கிழங்கை அவித்து, ஆறவைத்து, அவள் செய்வதுபோலவே நடுவில் பள்ளம் பறித்து, மாத்திரையைப் பொதிந்து நீட்டினார்.

மந்திரி நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டு போனது.

சோபாவின் இடது முன்காலடியில் மாத்திரை கிடந்தது.