பார்க்கலாம், கேட்கக்கூடாது

எனக்கு வயித்தெரிச்சல்தான். மூடி மறைச்சு என்ன ஆகப்போகுது?

என் வீட்டுக்காரருக்குப் பாலங்கள்ல விரிசல் பார்க்கிற வேலை. ஒரு பெரிய பாலத்தோட வரைபடம் அவர் பையில இருந்துச்சுன்னு, நாட்டுக்கே ஆபத்துன்னு பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க. பாலத்துல வேலை பார்க்கிற மனுஷன் பையில வரைபடம் இல்லாம சீட்டுக்கட்டா இருக்கும்?

நான் பார்க்கப் போனா நடுவுல கண்ணாடி, காதுல ஃபோன். பக்கத்துலயே ஒரு காவலர் உட்கார்ந்து நாங்க பேசுறதை எல்லாம் கேட்டுக்கிட்டு இருப்பாரு. பாதுகாப்பாம். அந்த ஆளை வச்சுக்கிட்டு என்னத்தைப் பேச?

"சமையலறைக் குழாய் ஒழுகுதா?"

"ஒழுகுது."

"வாஷர் மாத்தச் சொல்லு."

அவ்வளவுதான் எங்க குடும்பம் நடக்கிற லட்சணம்.

ஆனா அவரோட வக்கீலம்மா வந்தா மட்டும் தனி அறை. கதவுல சின்னதா ஒரு கண்ணாடி. காவலர் அது வழியா பார்க்கலாம், கேட்கக்கூடாது. சட்டம் அப்படி. அன்னைக்கு வெளியில காத்திருந்தப்போ நானும் அது வழியா எட்டிப் பார்த்துட்டேன். சிரிக்கிறாரு! பிடிச்சதுல இருந்து என்கிட்ட ஒரு தடவைகூட பல்லைக் காட்டாத மனுஷன், தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிக்கிறாரு. அவ வேற வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குறா. எனக்கு உள்ளங்கால்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிச்சு.

விசாரணை அதிகாரி என் மூஞ்சியைப் பார்த்துட்டாரு. கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தண்ணி கொடுத்தாரு.

"பாவமா இருக்கும்மா. அந்த வக்கீல் பொண்ணு வெளியில சேதி கடத்துறான்னு எங்களுக்குச் சந்தேகம். நீங்களும் ஆமான்னு எழுதிக் கொடுத்தா, நீதிபதிகிட்ட அனுமதி வாங்கி உள்ள ஒரு ஆளை உட்கார வச்சிடுவோம். அப்புறம் அவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கவே முடியாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் தேனா இறங்குச்சு. பேனாவை வாங்கிட்டேன். பொய்னு தெரியும். வரைபடத்தைக் கொடுத்த பொறியாளர் யாருன்னு அவர் அந்த அறையிலதான் அவகிட்ட சொல்லியிருக்காரு. அந்தப் பொறியாளர் கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னாத்தான் இவர் வெளியில வர முடியும். அந்தப் பேரு முன்னாடியே இந்தப் போலீஸ்காரங்க காதுக்கு எட்டிட்டா, மிரட்டி வாயை அடைச்சிடுவாங்கன்னு அவர் சரின்னதால அவ என்கிட்ட படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கா. எல்லாம் தெரிஞ்சும் பாழாப்போன கை பேனாவை விடல.

"அப்படி என்னதான் பேசுறாங்கன்னு கேட்க எங்களுக்கும் ஆசைதாம்மா"ன்னு அதிகாரி சிரிச்சாரு.

அதுல வந்துச்சு பாருங்க எனக்குக் கோபம்.

"இருங்க சார். அங்க என்ன பேசுறாங்கன்னு கட்டினவ எனக்கே தெரியாது. எனக்கு முன்னாடி நீங்க கேட்கணுமா? நீங்க யாரு?"

பேனாவை மேசை மேல போட்டுட்டு எழுந்துட்டேன்.

"நாட்டுக்காகம்மா."

"அவளுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறதும் நாட்டோட சட்டம்தானே?"

வெளிவாசல்ல வக்கீலம்மா ஃபைலோட நின்னுக்கிட்டு இருந்தா. நடந்ததைப் பத்தி நான் மூச்சு விடல.

"அப்படி என்னடி சிரிப்பு உள்ள?"

அவ முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அவர் சரின்னு சொல்லாம நான் சொல்லக்கூடாதுக்கா. உங்ககிட்டகூட."

பாருங்க அநியாயத்தை! நான் காப்பாத்திக் கொடுத்த கதவை என் மூஞ்சியிலேயே சாத்துறா. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"அடுத்த தடவையும் அவரைச் சிரிக்க வை."

சொல்லிட்டு, திரும்பிப் பார்க்காம நடந்தேன். வயிறு இன்னும் எரியுது.