தந்தக் கையுறை

எங்கள் நிறுவனம் தமிழில் எழுதுவதற்கான மென்பொருள் ஒன்றைச் செய்கிறது. அதைத் திறந்ததும் எதெது தானாக நடக்க வேண்டும் என்று முடிவு செய்ய மூன்று மணிநேரக் கூட்டம். எழுத்தின் அளவுக்கு ஒரு மணி, பின்னணி நிறத்துக்கு ஒன்றரை. ஒற்றுத் திருத்தத்துக்கு மிச்சம் அரைமணி. எங்கே க், ச், த், ப் விட்டுப்போனதாக மென்பொருளுக்குத் தோன்றுகிறதோ, அங்கே கேட்காமலேயே போட்டுவிடும்.

"இது ஆன்லயே இருக்கட்டும்," என்றார் குழுத்தலைவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் இலக்கணம். மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கிய வீடு. எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள்.

"ஆஃப்ல வைங்க சார். தப்புத் தப்பா போடுது," என்றேன்.

அம்மா மருத்துவமனையில் கழிவறை கழுவுகிறார். போன வாரம் நான் போட்டுக்கொடுத்த சோதனைப் பதிப்பில் தானே ஒரு மனு அடித்தார்: 'நீங்கள் தந்த கையுறை கிழிந்துவிட்டது.' மென்பொருள் அதைத் 'தந்தக் கையுறை' ஆக்கியது. யானைத் தந்தம். அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: 'தந்தக் கையுறை எதுவும் எங்களால் வழங்கப்படவில்லை.' இப்போது வெறுங்கையால் கழுவுகிறார்.

சொன்னேன். சிரித்தார்கள். வேறு யாருடைய அம்மாவாகவாவது இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாமேம்மா. ரெண்டே கிளிக்," என்றார் இலக்கணம்.

"எங்க வீட்டு டிவில ஒட்டி வந்த பிளாஸ்டிக்கையே அம்மா இன்னும் பிரிக்கல சார். வந்தது வந்தபடிதான் இருக்கும்."

"உங்கம்மாவ வச்சு ஊருக்கே செட்டிங் போட முடியுமா?"

அவர் அம்மாவை வைத்துப் போடலாம் போலிருக்கிறது.

மறுநாள் மென்பொருள் வெளியாக வேண்டும். காலையில் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தை அவரே அடித்துக்கொண்டிருந்தார். "இங்க வாம்மா," என்றார். திரையில், 'நிர்வாகம் தந்தப் பதவியை ஏற்று...'

"இந்த 'ப்' போகவே மாட்டேங்குது. அழிச்சா திரும்ப வந்து உக்காருது."

"ரெண்டே கிளிக் சார்."

பத்து நிமிடம் தேடினார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு பொறுமை உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சரி, நீயே ஆஃப் பண்ணு."

"எல்லாருக்குமா சார்?"

"எனக்கு மட்டும் போதும்."

காபி எடுக்கப் போனார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஆஃப் செய்தேன். வெளியீட்டுப் பொத்தானையும் அழுத்தினேன். அவர் திரும்பி வந்ததும் சொல்லியும்விட்டேன்.

கோப்பையை மேசைமேல் வைத்தார். "கடிதத்துல இன்னும் கையெழுத்துப் போடலங்கறது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். 'ப்' போயிடுச்சு. இப்பப் போடலாம்."