திரைக்குள் கிழிந்த உறை

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை, காப்பி ஆறுவதற்குள் பெர்மின் தன் கட்சிச் சீட்டை உறைக்குள் போட்டு ஒட்டி, மனைவி ஒப்துலியாவின் கைப்பையில் திணித்துவிட்டான். அந்த நாட்டில் ஓட்டுச்சீட்டையும் அதைப் போடும் உறையையும் கட்சிகளே வீட்டுக்கு அனுப்பிவைக்கும். பெண்டாட்டியின் உறையைப் புருஷன் ஒட்டிக் கொடுப்பது அந்த ஊரில் யாருக்கும் வித்தியாசமாகப் படாது.

"நம்ம கட்சி வந்தா அந்தப் பொம்பளைச் சட்டம் ஒழிஞ்சிரும். பொய்ப் புகார் குடுத்து ஆம்பளையை வீட்டை விட்டு விரட்டுறதுக்கு ஒரு சட்டமாம்!"

"நம்ம காசில்டா குடுத்ததும் பொய்யா?"

"உன் மக வாயை அடக்கியிருந்தா அவன் ஏன் கை நீட்டுறான்?"

அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் மருமகன் காசில்டாவின் தெருப்பக்கம் வராமல் இருக்கிறான். அது போனால் மறுநாளே கதவைத் தட்டுவான். இந்த ஒரு தடவை வேறு சீட்டைப் போட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டிருந்தாள் ஒப்துலியா.

ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குப் பக்கத்திலேயே, கழுத்தில் கட்சி ஏஜெண்ட் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான் பெர்மின். மூலையில் திரை போட்ட ஒரு மறைப்பு இருந்தது. யாரும் அதற்குள் போவதில்லை. ஒப்துலியா போனாள்.

"அடியே, அது கக்கூஸ் இல்லடி!"

வரிசையில் நின்ற ஆலிவ் தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள். "உங்க வீட்டுல மீசை யாருக்குப்பா, பெர்மின்?"

உள்ளே எல்லாக் கட்சிச் சீட்டும் அடுக்கியிருந்தது. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். ஒட்டிய உறையைப் பிரித்தபோது அது குறுக்கே கிழிந்துபோனது. புது உறை வைக்கும் தட்டு காலி. யாரும் வராத இடத்தில் யார் வைப்பார்கள்? உறைகளெல்லாம் வெளியே, மேசைமேல். திரையோ முழங்காலோடு நின்றது. கூடமே தன் செருப்பைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

"ஒப்துலியா அக்கா, உடம்புக்கு முடியலையா?" ஓட்டுப்பதிவை நடத்தும் மேசைத் தலைவி அரசெலி கேட்டாள்.

வேண்டிய சீட்டைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "உறை கிழிஞ்சிருச்சு."

"அதுக்கென்னக்கா, வேற தர்றேன்."

அரசெலி எடுத்து நீட்டுவதற்குள் பெர்மின் கோட்டுக்குள்ளிருந்து இன்னொன்றை உருவினான். ஒட்டியே இருந்தது. "எதுக்கு வீண் சிரமம்? இந்தா."

"பெர்மின் அண்ணே, இது தப்பு."

"என் பெண்டாட்டிக்கு நான் குடுக்கிறேன். உனக்கென்னம்மா?"

அரசெலி காலி உறையைக் கீழே வைக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு எது வேணும்?"

சிரிப்பு நின்றது. அரசெலியின் உறையைத் தொட்டால், புருஷன் கட்சிக்குப் போடவில்லை என்று ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. மத்தியானம் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவன் கூடத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

பெர்மின் கொடுத்ததை வாங்கினாள். அரசெலி அவள் பெயரை உரக்கப் படித்தாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. உறை பெட்டிக்குள் விழுந்தது.

கைபேசி அடித்தது. காசில்டா.

"அம்மா, போட்டுட்டியா?"

பெர்மின் காதைக் கொடுத்து நின்றான்.

"போட்டுட்டேன்டி, கண்ணு," என்றாள் ஒப்துலியா.