அட்டை வேண்டாத மீன் வண்டி

ரோஸ்வித்தா நகராட்சி அலுவலகத்துக்குப் போனது, வண்டியில் மீன் விற்க அனுமதி கேட்கத்தான். அனுமதி அட்டையே தேவையில்லை என்று சொன்னதும், நல்லதாப் போச்சு என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“உட்காருங்க, கொஸ்ட்லர் அம்மா. எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் ரென்னர்.

“வேணாம்னு சொன்னீங்களே!”

“அட்டைதான் வேணாம். ஊர் ஊராப் போய் விக்கறவங்க அட்டை வாங்கணும். நீங்க விக்கறது சொந்தக் குளத்து மீன், அதனால உங்களுக்கு விலக்கு. ஆனா விலக்குள்ள தொழில் செய்யப்போறேன்னு இங்க பதிவு பண்ணியாகணும்.”

“வேணாங்கறதைப் பதிவு பண்ணணுமா?”

“ஆமா.”

“பண்ணலைன்னா?”

“அபராதம்.”

ரோஸ்வித்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். மலையோரக் கிராமங்களில் இருந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைக்கு ஒரு மீன் வேண்டுமென்றால் கூட அங்கே இருப்பவர்கள் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். இவள் வீட்டுக் குளத்திலோ கெண்டையும் டிரவுட்டும் துள்ளிக்கொண்டு கிடக்கின்றன. கொட்டகையில் பழைய குளிர்வண்டி ஒன்று சும்மா நிற்கிறது. முட்டுக்கட்டை ஒன்றே ஒன்றுதான்: கணவன் வென்ஸல்.

வசந்தத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் இந்தப் பேச்சை எடுத்தபோது, “தெருத்தெருவா மணியடிச்சுக்கிட்டுப் போக நான் என்ன ஐஸ் வண்டிக்காரனா?” என்று கேட்டுவிட்டு அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவப் போய்விட்டான். அத்தோடு அந்தப் பேச்சு செத்தது. இன்றைக்குக்கூடப் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள்.

ரென்னர் விலாசத்தைக் கணினியில் தட்டினாள். விரல்கள் அப்படியே நின்றன.

“இதே விலாசத்துல ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கே. மீன், நடமாடும் விற்பனை. போன வாரம்தான்...” சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்ததும் அவள் முகம் சிவந்தது.

“யாரு?”

“அதைச் சொல்ல முடியாது. அடுத்தவங்க சொந்த விவரம்.”

“அந்த வீட்டுல இருக்கறதே நானும் என் வீட்டுக்காரரும்தான்.”

“நான் எதுவும் சொல்லலியே.”

“ஒரு பூனையும் இருக்கு. அது வந்து கையெழுத்துப் போட்டுதா?”

“கொஸ்ட்லர் அம்மா, தயவுசெஞ்சு...”

ரோஸ்வித்தா பதிவு செய்யாமலே கிளம்பினாள். வண்டியை ஓட்டியபடி யோசித்தாள். வேண்டாம் என்றவன் எதற்குப் பதிவு செய்ய வேண்டும்? தன் யோசனையைத் திருடிக்கொண்டானா? வேறு யாரோடாவது கூட்டுச் சேர்ந்துவிட்டானா? யோசித்த யோசனையில் வீட்டுத் திருப்பத்தைக் கோட்டைவிட்டு, பக்கத்து ஊர் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று.

வென்ஸல் குளக்கரையில் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான்.

“பல்லு எப்படி இருக்கு?”

“போன வாரம் டவுனுக்கு எதுக்குப் போன?”

“வலை வாங்க.”

“வலை எங்க?”

அவன் இன்னொரு பிடி தீனியை வீசினான். தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் புரண்டன. “கடையில இல்ல.”

“நகராட்சி ஆபீஸ்லயா வலை விக்கறாங்க?”

அவன் மெல்லத் திரும்பினான். “நீ எதுக்கு அங்க போன? பல் டாக்டர்னுதானே சொன்ன?”

இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்கிறார்கள். யார் முதலில் கோபப்படுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

“வேணாம்னு அடிச்சுப் பேசினியே, வென்ஸல்.”

“பேசினேன். அப்புறம் யோசிச்சேன். நீ சொன்னது சரின்னு பட்டுச்சு. ஒரு தடவை வேணாம்னுட்டு, திரும்ப எப்படிச் சரின்னு சொல்றது?”

“‘சரி’ன்னு சொல்றது. அவ்வளவுதான்.”

“அதான் வாயில வரல. சரி, போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடுவோம்னு போனேன். அந்தக் காகிதத்தை உன் பொறந்த நாளுக்குத் தரலாம்னு இருந்தேன்.”

“என் பொறந்த நாளுக்கு உன் பேர்ல காகிதமா?”

“யார் பேர்னு கேட்டாங்க. அங்க நின்னது நான்தானே!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பிடித்துக் குளத்தில் தள்ளினால் என்ன என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே போனார்கள். ஜோடியாகப் பார்த்ததும் ரென்னருக்கு மூச்சு வந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை.

“சொந்தமா வளர்த்த மீனுக்குத்தான் விலக்கு. மீன் யாரோடது?”

“குளம் எங்க அப்பா எனக்கு எழுதி வச்சது,” என்றாள் ரோஸ்வித்தா.

“தீனி போடறது நான்,” என்றான் வென்ஸல்.

“குஞ்சு வாங்கி விடறது நானாக்கும்.”

“நாரை விரட்டறது?”

“அது பூனை.”

ரென்னர் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நெடுநேரம் கேட்டாள். ரிசீவரை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “அவங்களுக்கும் தெளிவாத் தெரியலியாம். ரெண்டு பேரும் பதிவு பண்ணிட்டா யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்கன்னு சொல்றாங்க.”

“வண்டி ஒண்ணுதானே இருக்கு,” என்றாள் ரோஸ்வித்தா. “அப்ப ஒரே வண்டிக்குள்ள ரெண்டு வியாபாரமா?”

“அப்படித்தான்னு நினைக்கிறேன்,” என்றாள் ரென்னர். அவள் குரலிலும் உறுதி இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மலையோரக் கிராமம் ஒன்றில், தேவாலயத்துக்கு முன்னால் இருந்த பெரிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முதலில் யாரும் வரவில்லை. பிறகு குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள், அவள் பின்னால் கைத்தடியோடு ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் குடை பிடித்தவர்கள் நாலைந்து பேர். மதியத்துக்குள் கெண்டை எல்லாம் தீர்ந்துவிட்டது.

“அடுத்த வாரமும் வருவீங்களா?” என்று கிழவர் கேட்டார்.

ரோஸ்வித்தா வாயைத் திறப்பதற்குள், “வருவோம், வருவோம்!” என்றான் வென்ஸல்.

வீடு திரும்பும் வழியில் அவன் கேட்டான்: “புகையில வாட்டின டிரவுட்டும் கொண்டுபோனா என்ன? அந்தப் பெரியவர் கேட்டாரே.”

“கொண்டுபோகலாம்.” அவள் கியரை மாற்றினாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். “புகையில வாட்டினப்புறமும் அது சொந்த மீன்தானா, இல்ல வேற கணக்கா?”

அவன் யோசித்தான். “தெரியலியே.”

“எனக்கும் தெரியல.”

“திங்கட்கிழமை போய்க் கேட்டுடுவோம்,” என்றான் வென்ஸல்.

“அந்த ரென்னர் பாவம்,” என்றாள் ரோஸ்வித்தா.